ஜான்சன் விட்ட பிழை

'இன்டர்னீசைன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதலில் பார்த்தது ஈழ இயக்கங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையில். அகராதியில் 'ஒருவரையொருவர் அழித்துக்கொள்கிற' என்று போட்டிருந்தது. ஒரே தரப்புக்குள் நடக்கும் சண்டையையும் குறிக்குமாம். சரி, நம்ம ஊர் பங்காளிச் சண்டை என்று எடுத்துக்கொண்டு கடந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த அர்த்தமே ஒரு பிழையில் பிறந்தது என்று. லத்தீனில் 'நெகாரே' என்றால் கொல்வது. 'இன்டர்' என்றால் வழக்கமாக 'இடையே'. இன்டர்நெட்டில் இருப்பது அதுதான். ஆனால் இந்தச் சொல்லில் அதற்கு வேறு வேலை. 'கொன்று தீர்த்தான்' என்கிறோமே, அந்தத் 'தீர்த்தான்' செய்கிற வேலை. மிச்சம் வைக்காமல் கொல்வது, அவ்வளவுதான். எதிராளி திருப்பி அடித்தானா என்ற கேள்வியே அதில் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் தன் 'ஹூடிப்ராஸ்' என்ற அங்கதக் காவியத்தில் இதைப் பயன்படுத்தியபோதும் பொருள் இதுதான்.

1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தது. 42,000க்கும் மேற்பட்ட சொற்கள். மனிதர் 'இன்டர்' என்பதை 'இடையே' என்று எடுத்துக்கொண்டு, பரஸ்பர அழிவுக்கு முயல்கிற என்று பொருள் எழுதிவிட்டார். குதிரைக் காலின் ஒரு பகுதிக்குத் தப்பாகப் பொருள் சொன்னது ஏன் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டவர் அவர். இந்தப் பிழையோ நிலைத்துவிட்டது. எங்கள் தொழிலிலும் இப்படி உண்டு. ஒரு பக் ப்ரொடக்‌ஷனில் வருஷக்கணக்கில் ஓடினால், எல்லாரும் அதை நம்பியே கோட் எழுதியிருப்பார்கள். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது.

சொல்லின் பொருள் மாறுவதில் எனக்குப் புகார் இல்லை. உறுத்துவது வேறு. 'பரஸ்பரம்' என்றதுமே பழி சரிபாதியாகப் பிரிந்துவிடுகிறது. 1986 ஏப்ரல் கடைசியில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் டெலோ யாழ்ப்பாணத்தில் இல்லாமல் போனது. அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே மாதம் கொல்லப்பட்டார். இதைத் தமிழில் 'சகோதர யுத்தம்' என்று எழுதியவர்களும் உண்டு, 'சகோதரப் படுகொலை' என்று எழுதியவர்களும் உண்டு. முதலாவதில் ஜான்சன் இருக்கிறார்.

அந்தக் கட்டுரையைப் போன மாதம் மறுபடி எடுத்துப் படித்தேன். எழுதியவர் ஜான்சனின் பொருளில்தான் எழுதியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு இப்போது அந்த வரியில் லத்தீன்தான் கேட்கிறது.