நெடுந்தீவு லைற்றுக்கு ஆர் காசு கட்டுகினம்?

மின்சார சபை ஊழியர்கள் போராட்டம் எண்டு செய்தி வந்தால் எங்கட ஊர்களில் முதலில் கேட்கிற வசனம், "உவையளுக்கு உதுதான் வேலை." நல்ல சம்பளம், போனஸ், பிறகென்ன போராட்டம் எண்டு சனம் சினக்கும். 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூடின பிறகு அந்தச் சினம் இன்னும் ஏறிப்போச்சு. அதில் நியாயம் இல்லை எண்டு நாங்கள் சொல்ல மாட்டம். ஆனால் தீவுப்பகுதி ஆக்களாக, இந்த விசயத்தைக் கடலுக்கு இந்தப் பக்கம் நிண்டும் பார்க்க வேண்டியிருக்கு.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரைக்கும் றோட்டோடு சேர்ந்து மின்கம்பியும் வந்திட்டுது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு அந்தக் கம்பி போகவில்லை. அங்கே டீசல் ஜெனரேற்றர்கள்தான். டீசல் கடலால் வர வேணும். உதிரிப்பாகமும் கடலால்தான் வர வேணும். பழுது பார்க்கிற ஆளும் குறிகட்டுவானில் படகேற வேணும். இப்படி எடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு செலவாகும் எண்டு ஆருக்கும் விளங்கும். ஆனாலும் நெடுந்தீவு வீடொன்று கட்டுவது கொழும்பு வீடொன்று கட்டுகிற அதே கட்டணத்தைத்தான். நாடு முழுக்க ஒரே கட்டணம், கணக்குப் பார்த்து வந்ததும் ஒரே சபை. எங்கட தீவின் நட்டம் அந்தப் பெரிய கணக்குக்குள் கரைஞ்சு போனது. நெடுந்தீவில் எரிகிற லைற்றுக்கு எங்கேயோ இருக்கிற கடைக்காரர் ஒருவரும் சேர்ந்துதான் காசு கட்டுகிறார்.

1969 நவம்பர் 1ஆம் திகதி தொடங்கின அந்தச் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, அந்த வருசம் ஜனவரியில், எதிர்ப்புத் தெரிவித்த ஊழியர்களில் 60க்கும் மேற்பட்டோர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார்கள். 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. கம்பனிகள் அரசாங்கத்திடமே இருக்கும் எண்டார்கள். ஆனாலும் வேலைப் பாதுகாப்பையும் சேவை நிபந்தனைகளையும் கேட்டுச் சங்கங்கள் செப்டெம்பரில் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கின. அரசாங்கம் மின்சாரத்தை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்தது.

எங்கட பயம் இதுதான். கணக்குகள் தனித்தனியானால் ஒவ்வொரு இடத்தின் நட்டமும் தனியாகத் தெரியும். ஒருநாள் ஒரு அதிகாரி அந்தத் தாளைப் பார்த்து, "இந்தச் சின்னத் தீவுக்கு ஏன் இவ்வளவு செலவு?" எண்டு கேட்பார். அப்போது உரிமையாக இருந்தது சலுகையாக மாறிப்போகும்.

சூரிய ஒளியும் காற்றும் இதைத் தீர்க்கும் எண்டு சிலர் சொல்லுவினம். இந்த மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டம் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா எதிர்த்தது. பிறகு இந்திய நன்கொடையில், 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர்க் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தமானது. 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று, மின்கலம், கூடவே 2,500 கிலோவாற் டீசல். நல்ல திட்டந்தான். ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற காற்றாலையில் பத்து வருசம் கழிச்சு ஏறப்போவது ஆர்? நன்கொடை சாமானைத் தரும். பராமரிக்கிறதுக்கு நிரந்தர வேலையில் இருக்கிற ஒரு ஆள் வேணும். சங்கம் காக்கிற வேலையும் எங்களுக்கு வேண்டிய சேவையும் அந்த இடத்தில் ஒண்டாகுது.

அரசு எண்ட சொல் எங்களுக்கு லேசான சொல் இல்லை. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன எங்கட சனத்தைக் கொன்றது அரசின் கடற்படை. அதே குமுதினி பிறகும் நெடுந்தீவுச் சனத்தை ஏற்றி இறக்கியது, அதுவும் அரச சேவையாகத்தான். அரசை நம்பாமலே பொதுச் சேவையைக் கேட்டு வாங்கப் பழகின ஆக்கள் நாங்கள்.

அதனால்தான் சங்கங்களிடமும் கேட்க இருக்கு. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்ட 40,000க்கும் மேற்பட்டவர்களை ஜே.ஆர். அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. ஊழியர் தனிச்சுப் போனால் என்ன நடக்கும் எண்டதுக்கு அதைவிட வேறு பாடம் தேவையில்லை. சனம் பக்கத்தில் நிற்க வேணுமெண்டால், அந்தச் சனத்தின் பிரச்சினையும் கோரிக்கைத் தாளில் இருக்க வேணும். தீவுக்கு மாற்றம் எண்டால் தண்டனை எண்டு நினைக்கிறதும், வந்த நாளில் இருந்தே திரும்பிப் போக அலுவல் பார்க்கிறதும் மின்சாரத்தில் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்திலும் ஆசுப்பத்திரியிலும் நாங்கள் காண்கிற விசயம். "ஆட்குறைப்பு வேண்டாம்" எண்டு கேட்கிற சங்கம் "தீவுகளின் வெற்றிடங்களை நிரப்பு", "நாடு முழுக்க ஒரே கட்டணம் தொடரட்டும்" எண்டும் கேட்கலாம். தீவில் வேலை செய்கிறவருக்குத் தங்குமிடமும் படகு வசதியும் கேட்கலாம். இதையெல்லாம் தமிழிலும் எழுதி, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒட்டலாம்.

அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அதைப் படகில் ஏற்றி, தீவு தீவாகக் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் இருக்கிறம்.