மணியின் படர்தாமரையும் நான் சொன்ன பொய்யும்

"எத்தனை நாள் மாத்திரை குடுத்தீங்க தம்பி?"

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "ஒரு மாசம் மேடம்" என்றேன். உண்மையில் பதினோரு நாள். அதிலும் இரண்டு நாள் மணி (எங்கள் வீட்டு நாட்டு நாய்) மாத்திரையை மட்டும் துப்பிவிட்டு தயிர்சாதத்தைத் தின்றுவிட்டது.

கதை அதற்கு முன்பே ஆரம்பம். மணிக்குக் காதோரம் காசு அளவுக்கு முடி கொட்டியது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கித் தடவினேன். மூன்றே நாளில் சிவப்பு போயே போச்சு! பிறகுதான் ட்யூபைத் திருப்பிப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு பெக்லோமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும்; பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தாச்சு. கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

வட்டம் கழுத்துவரை வந்தபிறகுதான் ஆஸ்பத்திரி, டெர்பினஃபின் மாத்திரை. முடி முளைக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். (செமஸ்டர் வேறு.) இருபது நாளில் திரும்ப வந்தது, தங்கச்சி முழங்கையிலும் ஒரு வட்டம். "சொறிநாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வாடா" என்றார் அப்பா.

அந்த பயத்தில்தான் பொய். டாக்டரம்மா நம்பிவிட்டார். "ஒரு மாசம் குடுத்தும் கேக்கலைன்னா மருந்துக்கு மசியாத ரகமா இருக்கலாம்" என்று வேறு மருந்து எழுதினார், இட்ராகோனசோல்.

இரவு உட்கார்ந்து படித்தேன். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஒரு என்சைமில் போய் டெர்பினஃபின் அடைத்துக்கொள்ளும். என்சைமின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மருந்து பொருந்தாமல் போகலாம். 2020-ல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்களே (பெயரிலேயே இந்தியா!), மனிதர்களைப் படுத்தும் அந்தப் படர்தாமரையில் பல இடங்களில் நடந்தது இதுதான். நாய், பூனைக்கு வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸிலும் இப்படி ஒன்று ஒரு பூனையிடம் பிடிபட்டதாக 2018-ல் எழுதியிருக்கிறார்கள். மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் எளிதில் சாவது செத்துவிடும், தாக்குப்பிடிப்பது மிஞ்சிப் பெருகும்.

மணிக்கு வந்தது அந்த ரகமா, இல்லை என் சோம்பலா? டாக்டரம்மாவால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும், நான் கொடுத்த கணக்கே கள்ளக்கணக்கு. படிப்பது பி.காம் வேறு!

மறுநாள் காலையில் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் நேற்றைய சீட்டை வாங்கி அடித்துவிட்டு, மணியின் முடியைப் பிடுங்கி கல்ச்சருக்கு வைத்தார். மைக்ரோஸ்போரம் கேனிஸ்தான். பழைய மாத்திரையே, ஆனால் இரண்டு கல்ச்சர் சுத்தமாக வரும்வரை. கொட்டிய முடியில் வித்துகள் ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடிருக்குமாம், மணி படுக்கும் சாக்கை எரித்துவிட்டேன்.

இன்று நாற்பத்தோராவது நாள். முதல் கல்ச்சர் சுத்தம், இரண்டாவதுக்குக் காத்திருக்கிறோம். தங்கச்சி கை ஆறிவிட்டது (அவளுக்குத் தோல் டாக்டர் தனி). மாத்திரையை இப்போது கருவாட்டுக்குள் வைத்துத் தருகிறேன், துப்புவதில்லை. அப்பா மட்டும் இன்னும் மணியைத் தொடுவதில்லை.