பண்டோரா: திரையில் விரியும் வேற்றுலகம்

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘அவதார்’ 2009 டிசம்பரில் வெளியானது. கதை 2154இல் நடக்கிறது. களம், ஆல்ஃபா சென்டாரி விண்மீன் மண்டலத்தில் ஒரு ராட்சதக் கோளைச் சுற்றிவரும் பண்டோரா என்ற நிலா. அங்கே சுமார் பத்தடி உயரமுள்ள, நீலத் தோல் கொண்ட நாவி மக்கள் வாழ்கிறார்கள்.

படத்தின் பெரும்பலம் பண்டோராவின் காடு. சுருள் வடிவில் ஆளுயரத்துக்கு நிற்கும் செடியை நாயகன் ஜேக் விரலால் தொடுகிறான். தொட்டாற்சுருங்கியைப் போல அது சட்டென்று உள்ளிழுத்து மறைகிறது. இரவில் கால் பதியும் இடமெல்லாம் பாசி ஒளிர்கிறது. மலைகள் அந்தரத்தில் மிதக்கின்றன.

நாவி பாத்திரங்களுக்காக, நடிகர்கள் வெற்று அரங்கில் குறிகள் பொருத்திய உடையில் நடித்தார்கள். தலையில் மாட்டிய சிறு கேமரா முகபாவத்தைப் பதிவுசெய்தது. அந்தப் பதிவுகளை நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டல் நிறுவனம் கணினியில் உயிர்ப்பித்தது. நாவி மொழியை உருவாக்கியவர் மொழியியலாளர் பால் ஃப்ராமர்.

முப்பரிமாணக் காட்சியில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டப்படுகிறது. கண்ணாடி அவற்றைப் பிரித்து அனுப்ப, மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. ‘அவதார்’ படத்தின் முப்பரிமாணத்தில் பொருள்கள் பார்வையாளர்மேல் பாய்வதைவிட, திரைக்கு உள்ளே காடு நீள்வதே அதிகம்.

ஒளிப்பதிவு, கலை இயக்கம், காட்சி விளைவுகள் ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. 2022இல் வந்த இரண்டாம் பாகம் கதையைக் கடலுக்கு நகர்த்தியது. அதற்காக நடிகர்கள் நீர்த்தொட்டிக்குள் மூச்சடக்கி நடித்தார்கள்.