அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டா?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் படித்துத்தானே ஆகணும்!

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேத்தி வீடியோ காலில் வீட்டுப்பாட நோட்டைக் காட்டினாள். 1/4 + 1/6 = 2/10 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிட்டாள். "எத்தனை தடவை சொல்லிக் கொடுக்கிறது?" என்று அவள் அம்மா பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

1991. ஐந்தாம் வகுப்பு. பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பையன் வருவான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பொம்மை வேலை. அவன் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருந்தான். அந்த நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். மறுநாளும் அதே தப்பு, மறுநாளும் பெஞ்சு.

அந்த வருஷம் நவராத்திரிக்குக் கொலு பொம்மை வாங்க அவர்கள் பட்டறைக்கே போயிருந்தேன். பீங்கான் மண்ணுக்குப் பொதுவான கணக்கு நம் ஊரில் பலருக்குத் தெரியும்: வெண்களிமண் பாதி, பெல்ஸ்பார் கால், குவார்ட்ஸ் கால். பையன் சாக்கைப் பிடித்துக்கொண்டு, "அரையும் காலும் போட்டாச்சுப்பா, முக்கால் ஆச்சு. இன்னும் ஒரு கால் போட்டா சரி" என்றான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கணக்கு அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய 1/2-தான் அவன் வீட்டு அரை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். அன்றைக்கு அவனிடம் ஒன்றும் பேசாமல் பொம்மையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் வகுப்பில் முதலில் விடையைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தேன். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அது அரையை விடக் குறைவு. அரையோடு காலைச் சேர்த்தால் அரை குறையுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதிப் பிள்ளைகள் தானே அழித்துத் திருத்துவார்கள்.

இதை எனக்கு முன்னமே சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தாத்தா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்குப் பின்னங்கள் எல்லாம் பெயர்கள்தான். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. (நிலத்துக்குச் சொல்கிற காணி வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இரண்டையும் கூட்டினால்? மாகாணி. அதாவது பதினாறில் ஒன்று. போட்டுப் பாருங்கள்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. பகுதி வேறு வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டி, விடையையே பெயராக வைத்திருக்கிறார்கள்! பயிற்சிப் பள்ளியில் டிப்ளமோ படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது முந்திரி. நம் ஊர்க்காரர்கள் உடனே கொட்டையை நினைப்பீர்கள். இது 320-ல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவு சொல்லும் இடத்தில் முந்திரிகை என்று வருவது இதுதான். நாம் தின்கிற முந்திரி அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துப் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். எண்தான் மூத்தது.

அரை என்றால் 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிட்டால் கூட்டல் சாதாரணக் கூட்டல்தான். 1957-க்கு முந்தைய அணாக் கணக்கும் இப்படித்தானே? கால் ரூபாயும் அரைக்கால் ரூபாயும் எவ்வளவு என்று கேட்டால் நாலணா, ரெண்டணா, ஆக ஆறணா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஆனால் தாத்தா கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கேட்டால் 320 மீதியில்லாமல் வகுபடாது. ஆறில் ஒரு பங்குக்கும் அதே கதி. அங்கேதான் பள்ளிக்கூடத்து மீ.சி.ம. ஜெயிக்கிறது. எல்லாக் கணக்குக்கும் ஒரே 320 என்று இல்லாமல், அந்தந்தக் கணக்குக்கு ஏற்ற பகுதியை நாமே தேடிக்கொள்கிறோம்.

பேத்தியிடம் ஒரு டஜன் வாழைப்பழத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கால் டஜன் எத்தனை? மூன்று. ஆறில் ஒரு பங்கு? இரண்டு. மொத்தம் ஐந்து. அப்போ 12-ல் 5, 5/12. "நீ எழுதின 2/10 டஜன்னா மூணு பழம்கூட வராதேடி" என்றேன். கொஞ்ச நேரம் பழத்தையே பார்த்தாள். "அப்போ எங்கிட்ட இருந்த மூணுமே குறைஞ்சு போயிடுமா ஆயா?" என்றாள். எனக்கு அது போதும்.

அந்தப் பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான். போன தை மாதம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்திருந்தான். பெஞ்சு மேல் ஏற்றியதை நானே எடுத்துச் சொல்லி, தப்பு என் மேல்தான்ப்பா என்றேன். "அதெல்லாம் ஞாபகமே இல்லீங்க டீச்சர்" என்றான். படிப்பை விட்டதற்கு வீட்டுச் சூழல்தான் காரணம் என்றான். இருக்கலாம். ஆனால் காபியைக் குடித்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு. காலும் அரைக்காலும் ஒரு மாவும் சேர்ந்தால் எத்தனை முந்திரி? அதைப் பின்னமாக எப்படிச் சுருக்கி எழுதுவீர்கள்? கால்குலேட்டர் கூடாது. விடையைக் கீழே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள், யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.