மாடியில் ஒரு சரித்திர மாணவி

பெருங்குடிக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? "பழைய மகாபலிபுரம் சாலையில் காரில் போகும்போது பார்த்திருக்கிறேனே!" என்று சொல்வீர்களானால், அது வந்ததாகாது. பெருங்குடியைப் பார்க்க வேண்டுமென்றால் பறக்கும் ரயிலில் வர வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடி மாளிகைகளாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பல வருஷங்களாகக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிவிட்ட குப்பை மேடு. இவற்றுக்கு நடுவே எங்களைப் போன்ற குடும்பங்கள்.

இங்கே ரயில் ஸ்டேஷன் வந்தது 2007இல். பேரூராட்சியாக இருந்த ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். மயிலாப்பூர் மாட வீதிக்கு அருகில் வாழ்க்கைப்பட்ட எனக்கு, இங்கே குடிவந்த புதிதில், "இந்த ஊருக்குச் சரித்திரம் என்று ஏதாவது உண்டா?" என்று ஓர் அலட்சியம் இருந்தது. அந்த அலட்சியத்தைப் போக்கியவள் எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு ஜப்பானியப் பெண். அவளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவள் சரித்திர மாணவி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதற்காக, சென்ற ஆவணியில் எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். தமிழைப் புத்தகத்தில் கற்றவள். முதல் நாள் காலையில் கீழே இறங்கி வந்து, "மாமி, தங்கள் இல்லத்தில் நீர் வருகின்றதா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்சா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் கெட்டிக்காரி, தை பிறப்பதற்குள், "மாமி, மோட்டார் போடுங்கோ, குழாயிலே ஒரு சொட்டு இல்லே" என்று சொல்லத் தேறிவிட்டாள்.

அவளுடைய அன்றாட வாழ்க்கையைக் கேட்டால் உங்களுக்கே ஆசையாக இருக்கும். விடியற்காலையில் எழுந்து என்னோடு வாசலுக்கு வருவாள். நான் புள்ளி வைப்பேன். அவள் எண்ணிக்கொண்டே இழுப்பாள். பிறகு ஒரு டம்ளர் காப்பி, நாலு இட்டிலி. ஒன்பது மணிக்குத் தோளில் ஒரு பையும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். சில நாள் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்; சில நாள் சேப்பாக்கத்தில் சர்வகலாசாலை நூலகம். சனிக்கிழமைகளில் கோயில். வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலிலும் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நாமெல்லாம் பிராகாரத்தைச் சுற்றும்போது கை எங்கே வைக்கிறோம், கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்கிறோமா? அவள் சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள்.

"அப்படி என்னடி அம்மா தேடுகிறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெண்களைத் தேடுகிறேன், மாமி" என்றாள்.

செம்பியன் மாதேவியைப் போன்ற ராணிகள் கோயில் எடுத்ததும், பொன் கொடுத்ததும் புத்தகங்களில் இருக்கின்றன. இவள் தேடுவது ராணிகளையல்ல. சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, சுவாமி சந்நிதியில் அணையாத விளக்கு எரிய வேண்டுமென்று ஆடுகளைத் தானம் கொடுத்திருப்பாள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு என்பது பல கல்வெட்டுகளில் காணும் கணக்கு. அந்த ஆடுகளின் நெய்யால் விளக்கு எரியும். ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை என்று கல்வெட்டு சொல்லும். அதாவது, எண்ணிக்கை குறையாமல் இடையர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கொடுத்தவள் பெயர் என்ன, யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த ஊர் என்றெல்லாம் இவள் பட்டியல் போடுகிறாள்.

இந்த வழியில் இவளுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியர், 1960களின் தொடக்கத்தில் மாணவராகச் சென்னைக்கு வந்து, சர்வகலாசாலையில் தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்றவர். அந்நாளில் கல்வெட்டுகளின் மைப்படிகளைப் பார்க்க உதகமண்டலத்துக்குப் போக வேண்டியிருந்தது. திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. அவற்றின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஓர் ஊரில் நிலம் ஊராருக்குப் பொதுவாகவும், மற்றதில் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமாகவும் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஆயிரக்கணக்கான பெயர்களை எண்ணி எண்ணிச் சரித்திரம் எழுதியவர். 1995இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், 2013இல் நம் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது, 2015இல் காலமானார். "அவர் வந்த காலத்தில் கடிதம் வீடு போய்ச் சேரவே நாளாகும். நான் தினமும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். ஆனாலும் அழுகை வருகிறதே, மாமி!" என்பாள்.

ஜப்பானில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு ஏழு என்றால் அங்கே பத்தரை. அவள் அம்மா தூங்கப் போகுமுன் மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். மாசி பிறந்ததும் அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

காரணம், அங்கே வசந்தம் வருகிறது. நமக்கு மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரை பிறந்தால்தான் இளவேனில். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாக்கிங் போவார், அவளோ மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டுக்கொண்டு, "இதுவா பனி?" என்று சிரிப்பாள். அவள் நாட்டில் செர்ரிப் பூ எந்த ஊரில் எப்போது மலரும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்களாம். ஏப்ரலில்தான் பள்ளிக்கூடமும் காலேஜும் புது வருஷத்துக்குத் திறக்கும். அதற்குள் அவளும் திரும்பிப் போயாக வேண்டும்.

மார்ச் 3ஆம் தேதி அங்கே பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது; நம்முடைய கொலுவேதான்! சிவப்புத் துணி விரித்த படிகள். ஐந்து படியோ ஏழு படியோ வைப்பார்கள். மேல் படியில் சக்கரவர்த்தியும் பட்டத்து ராணியும். கீழே தோழிப் பெண்கள், வாத்தியக்காரர்கள். பீச் மரத்துப் பூ. இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறத்தில் அரிசிப் பலகாரம். நாள் கழிந்ததும் பொம்மைகளைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகும் என்பார்களாம்! "உன் அம்மா என்ன செய்வாள்?" என்று கேட்டேன். "நான் இல்லாவிட்டாலும் கொலு வைத்துவிட்டாள்" என்று போனில் படம் காட்டினாள். படிக்கு எதிரே ஒரு சின்ன மெத்தை காலியாக இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பரணிலிருந்து என் கல்யாணத்துக்குக் கொடுத்த மரப்பாச்சி ஜோடியை இறக்கினேன். அவள் வண்ணக் காகிதத்தை மடித்து அவர்களுக்குக் கிமோனோ கட்டினாள். நம் வீட்டு மரப்பாச்சி அன்று ஜப்பான் சக்கரவர்த்தியானார்!

பொம்மைக்காகப் பரணைத் திறந்தேனா, அங்கே இருந்த தகரப் பெட்டி கண்ணில் பட்டது. என் மாமியார் காலத்துப் பெட்டி. உள்ளே பழைய காகிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கணக்கு நோட்டுகள். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாமென்று மறுநாள் வாசலுக்கு எடுத்து வந்தேன். அவர் தராசை எடுத்துவிட்டார். மாடிப் படியில் தடதடவென்று அவள் இறங்கி ஓடி வந்தாள்.

"மாமி, வேண்டாம்! தயவுசெய்து வேண்டாம்!"

பேப்பர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் ரோஜா முத்தையாவின் கதையைச் சொன்னாள். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் அவர் சேர்த்தார். புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் கூட! 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டு போகாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க உதவியது. "உங்கள் பெட்டியும் அதுபோலத்தான், மாமி" என்றாள்.

பேப்பர்க்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மேலாக இருந்தது 1957ஆம் வருஷத்து நோட்டு. மார்ச் வரைக்கும் எல்லாம் ரூபாய், அணா, பைசா. அந்த ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது அல்லவா? ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு பைசா ஆயிற்று. என் மாமியார் அட்டையின் உட்புறம் அழகாக எழுதி வைத்திருந்தார்: 1 அணா 6 பைசா, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'மூன்றணாச் சாமானை ஓரணா ஓரணாவாக வாங்கினால் பைசா மிச்சம்.' ஜப்பானியப் பெண் கை தட்டிச் சிரித்தாள். "மாமி, உங்கள் மாமியார் பெரிய பொருளாதார நிபுணர்!"

நானும் சிரித்தேன். மாமியாரைக் கஞ்சம் என்று சொல்லியே பழக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனவள், ஜூன் மாதத்தில் நிறுத்தினாள். "இது என்ன சொல்?" என்று விரலால் காட்டினாள்.

'வளையல் ஜோடி — அடகு. குழந்தை காலேஜ் சம்பளம்.'

குழந்தை என்று எழுதியிருப்பது என் மாமியாரின் நாத்தனாரை. எங்கள் வீட்டுக்காரருக்கு அத்தை. அந்த வருஷம்தான் அவர் ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அது 1914இல் ஏற்பட்டது. சென்னையில் பெண்களுக்கென்று எழுந்த முதல் கல்லூரி. படித்து, வாத்தியாரம்மாவாகி, எத்தனையோ பெண்களைக் கரையேற்றியவர் அத்தை. "தாத்தா படிக்க வைத்தார்" என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வளையலை மீட்டதாக எந்தப் பக்கத்திலும் கணக்கு இல்லை. கடைசிப் பக்கம் வரையில் தேடிவிட்டோம்.

அத்தை மந்தைவெளியில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போனில் விஷயத்தைச் சொன்னேன். வெகு நேரம் பதிலே இல்லை. பிறகு, "மன்னி கையில் எப்போதும் கண்ணாடி வளையல்தான் போட்டிருப்பாள். ஏன் மன்னி என்று கேட்டேன். இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும் என்றாள். நான் நம்பிவிட்டேனே!" என்றார்.

மறுநாளே அத்தையிடம் நோட்டைக் கொண்டு போனோம். ஜப்பானியப் பெண் அருகில் உட்கார்ந்து அத்தை சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டாள். வரும்போது ரயிலில் அவள் பேசவே இல்லை. பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கும்போது மட்டும், "ஆடு கொடுத்தவள் பெயர் கல்லில் இருக்கிறது. வளையல் கொடுத்தவள் பெயர் உங்கள் பரணில் இருந்தது, மாமி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சதுப்பு நிலத்தைப் பார்க்கப் போனோம். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அதை அறிவித்திருக்கிறார்கள். குப்பை மேட்டின் நிழலிலும் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. வடக்கேயிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வந்த ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தன. அங்கே வசந்தம் வந்தால் கூடு கட்ட வேண்டுமல்லவா? "நானும் அப்படித்தான்" என்றாள் அவள்.

பங்குனி பிறக்கிற வேளையில் காரடையான் நோன்பு வந்தது. காராமணி போட்டு வெல்ல அடையும் உப்பு அடையும் தட்டினேன். அவளுக்கும் இலையில் வெண்ணெயோடு வைத்து மஞ்சள் சரடு கட்டிவிட்டேன். "எங்கள் அரிசிப் பலகாரம் போலவே இருக்கிறது" என்று நாலு அடை சாப்பிட்டாள். இரண்டை அம்மாவுக்கென்று பொட்டலம் கட்டிக்கொண்டாள். கெட்டுப் போய்விடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மாடி அறை பூட்டியிருக்கிறது. வாசல் வேம்பு பூக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை படித்து முடித்ததும் நோட்டை நூலகத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். வருஷப் பிறப்புக்கு வீடு ஒழிப்பீர்கள். பழைய பேப்பர்க்காரர் வருவார். அவர் தராசை எடுக்குமுன், அந்த நோட்டுகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தம் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம்.