பவுடருக்கு முன்னால்

கோவை கணபதிப் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தால், அங்கே வண்ணம் அடிக்கிற வேலைதான் மிகச் சிறியது என்று தெரிந்துவிடுகிறது. கொக்கியில் தொங்கும் கார் வீலுக்கு நேரே கன்னை நீட்டுகிறார்கள். மின்னேற்றம் பெற்ற பவுடர் மாவுப் புகையாகக் கிளம்பி, எர்த் கொடுத்த உலோகத்தில் அப்பிக்கொள்கிறது. சில நிமிட வேலை. பிறகு ஓவன், சுமார் 180 முதல் 200 டிகிரி, உலோகம் அந்தச் சூட்டுக்கு வந்தபின் 10, 15 நிமிடம். வண்டிக்காரர் காசு கொடுப்பது இந்தப் பளபளப்புக்குத்தான். ஆனால் பூச்சு நிற்குமா, இரண்டாவது மழையில் உரியுமா என்பது கன் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. வீலுக்கு இவ்வளவு என்று ரேட் பேசிக் குறைக்கும்போது நாம் குறைப்பது பவுடரை அல்ல, கண்ணுக்குத் தெரியாத முன்வேலையை.

வந்து இறங்கும் வீலில் கம்பெனி பெயின்ட், அதன்மேல் எவரோ அடித்த ஸ்பிரே, பிரேக் கரி, கிரீஸ் எல்லாம் இருக்கும். ரிமூவரில் ஊறவைத்து உரித்து, பிளாஸ்டிங்கில் துகள் வீசி, வெள்ளைச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக வரும்வரை அடிக்கிறார்கள். பவுடர் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். அதன்பின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் போதும், பூச்சு கைவிட்டுவிடும். இரும்பு டிஸ்க் என்றால் ஆசிட், பாஸ்பேட், நடுநடுவே தண்ணீர் என்று தொட்டி தொட்டியாக முக்க வேண்டும். வார்ப்பு அலுமினியமான அலாய் வீலுக்கு வேறு தலைவலி. அதன் நுண்துளைகளில் காற்றும் பழைய எண்ணெயும் அடைந்து கிடக்கும்; சூடு ஏறியதும் உருகிய பவுடரைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, குண்டூசி முனை அளவுக்குத் துளை விட்டுப் போகும். அதனால் வெறும் வீலையே ஒருமுறை ஓவனில் காய்ச்சி எடுக்கிறார்கள். அவசரக்காரர் வாசலில் நின்றால் முதலில் விடுபடக்கூடிய சுற்று இது.

அலாய் வீலைச் சுட்டால் பலம் போய்விடும் என்று சிலர் சொல்வது வெறும் பயமல்ல. வீல் வார்ப்பைக் கெட்டிப்படுத்துவதே அளவான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான்; அதைத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது இளகத் தொடங்கும். மேலே சொன்ன முன்சூட்டையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அளந்து சுட்ட ஒரு முறையால் பெரிய கேடில்லை. ஆசைக்கு ஆசை நிறம் மாற்றித் திரும்பத் திரும்பச் சுடுவதும், ஓவனில் வைத்து மறப்பதும்தான் கேடு. ஸ்பிரேயே போதுமே என்பவர்களிடமும் நியாயம் உண்டு. பிளாஸ்டிக் பம்பரை ஓவனில் வைக்க முடியாது; கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்ய ஸ்பிரேதான் வசதி. ஆனால் அழுக்கின் மேல் அடித்தால் இரண்டும் உரியும். பவுடரில் தின்னர் நெடி இல்லை என்பது நிஜமான லாபம். அதற்காகப் பட்டறையே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மணல் வீசி பிளாஸ்டிங் செய்யும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கும். முகத்தில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது.

மாஸ்கிங் செய்பவரின் கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சூடு தாங்கும் டேப்பை வட்டமாக நறுக்கி, நட் உட்காரும் குழி ஒவ்வொன்றிலும் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் சுருக்கமில்லாமல் ஒட்டுகிறார். அங்கே 60, 80 மைக்ரான் பூச்சு ஏறினால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். வீலை எடுக்க வந்தவர் முகப்பை மட்டும் வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு டிக்கியில் ஏற்றுகிறார். குழிக்குள் டேப் உரித்த இடத்தில் வெறும் உலோகம் தெரிகிறது. அங்கே ஏன் பெயின்ட் இல்லை என்று கேட்கவும் கேட்கிறார்.