ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்

தலவாக்கலையில் ஒரு சிறிய நலன்புரி அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். என் வேலையில் பாதி தொலைபேசியில்தான். ரியாத், குவைத், தோஹா என்று நான் ஒருநாளும் கண்டிராத ஊர்களுக்குப் பேசுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாகப் போன எமது சகோதரிகளிடமிருந்து பேச்சு நின்றுவிட்டால், அவர்களுடைய தாய்மார் ஒருநாள் பேரை இழந்து எங்களைத் தேடி வருகிறார்கள்.

இந்த வேலைக்கு முதலில் நேரம் தெரிய வேண்டும். சவூதி அரேபியா, குவைத், கட்டார் ஆகிய நாடுகளின் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே காலை 8.30 என்றால் அங்கே 6 மணி. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். றமழான் மாதத்தில் பல வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் தூங்குவார்கள். அந்த நேரத்தில் மணி அடித்தால் கோபம்தான் மிஞ்சும்.

அடுத்தது பேசும் விதம். எடுத்த எடுப்பிலேயே "ஏன் சம்பளம் கொடுக்கவில்லை?" என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு கஷ்டப்படுவது அந்த வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைதான். ஆகவே சலாம் சொல்லி, வீட்டார் சுகம் விசாரித்து, "அவளுடைய அம்மா என் பக்கத்தில் இருக்கிறார். மகளின் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார்" என்பேன். என்னிடம் இருப்பது கொஞ்ச ஆங்கிலமும் நாலைந்து அரபுச் சொற்களும்தான். ஆனாலும் அம்மா என்ற சொல்லுக்கு இரங்குகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஆனால் தோழிகளே, பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. யாரோடு பேசுவது என்று தெரிய வேண்டுமே!

ஒரு தாய் வந்தார். மகள் சவூதிக்குப் போய் இரண்டு வருடம். ஏழு மாதமாகப் பேச்சில்லை. கையில் இருந்த ஒரே இலக்கம் வேலை செய்யவில்லை. மகளுடைய பெயரைச் சொன்னார். அது லயத்தில் கூப்பிடும் பெயர். கடவுச்சீட்டில் வேறு பெயர். அனுப்பிய முகவர் நிலையமோ மூடிக் கிடந்தது. அந்தப் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் தேடுவதிலேயே மூன்று வாரம் போய்விட்டது. கடைசியில் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் ஒப்பந்தத்தின் பிரதி கிடைத்தது. அதில் எசமானின் பெயரும் விலாசமும் இருந்தன. அதைக் கொண்டு முறைப்பாடு செய்தோம். தூதரகம் அந்த வீட்டோடு பேசிய பிறகு ஒருநாள் அவளே எங்களுக்கு அழைத்தாள். "அம்மா, தம்பி ஸ்கூலுக்குப் போறானா?" என்றுதான் முதலில் கேட்டாள். அந்தத் தாய்க்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான்தான் "போறானாம்" என்று சொன்னேன். நிலுவைச் சம்பளம் கிடைத்து அவள் வீடு வந்து சேர மேலும் நான்கு மாதம் எடுத்தது.

வீட்டுப் பணியாளர்களுக்கென 2011ஆம் ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வு வேண்டும், கடவுச்சீட்டைப் பணியாளரே தம்மிடம் வைத்திருக்க உரிமை வேண்டும் என்று அது சொல்கிறது. என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலும் கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில்தான் இருக்கிறது. அதனால்தான் அதன் பிரதி இங்கே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன்.

வெளிநாடு போக நினைக்கும் சகோதரிகளே, புறப்படுமுன் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் இவற்றை எழுதி வையுங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் பெயர், அதன் இலக்கம், முகவர் நிலையத்தின் பெயர், எசமானின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். ஒப்பந்தத்தின் பிரதியையும் அதற்குள் வையுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதுங்கள். பணியகத்தில் பதிவு செய்யாமல் ஒருபோதும் போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் எந்த நாளில் பேசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மாதம் தவறினால் விசாரியுங்கள். இரண்டாவது மாதமும் தவறினால் கொப்பியை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏழு மாதம் காத்திருக்க வேண்டாம்.